இடுப்புப் பட்டி

மார்ச் 4

பஞ்சுவுக்கு,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் வாய் சும்மா இல்லாமல் ஏதாவது சொல்வேன், நீ வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும். அந்த ஒரு வரி இதுதான்: எனக்கு வலி திரும்பி வந்துவிட்டது.

உன் புருஷனுக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தபோது என்னைத் தேற்றி எழுப்பியது நீதான். அதை நான் மறக்கவில்லை. ஒரு அறையில் அவன், பக்கத்து அறையில் நான், நடுவில் நீ ஓடிக்கொண்டே இருந்தாய். தையல் ஆறியதும் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தழும்பை விரலுக்கு நடுவில் உருட்டி உருட்டி இளக்குவாய். நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். என் தம்பி அந்த அறையிலிருந்து, "கத்திரி அக்கா, அவ கைக்குப் பஞ்சுன்னு பேர் வெச்சது நான்தான், திட்டறதா இருந்தா என்னைத் திட்டு" என்று கத்துவான். சிரித்தால் தையல் பிடிக்கும் என்று இரண்டு அறையிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அவன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நீ ஊரை விட்டே போய்விட்டாய். நீ போன பிறகுதான் இது ஆரம்பித்தது. வெட்டு மேசைமேல் குனிந்தால் இஸ்திரிப் பெட்டியின் மூக்கை வைத்ததுபோல் சுருக்கென்று எரிகிறது. துணி பட்டாலே ஆகவில்லை. ஊருக்கெல்லாம் இடுப்புப் பட்டி வைத்துத் தைக்கிறேன், என் இடுப்பில் ஒரு பட்டி நிற்கவில்லை. வீட்டில் கூடாரம் மாதிரி ஒரு நைட்டியைப் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

டாக்டரிடம் போனேன். நல்ல மனுஷர். தழும்பு இறுகி நரம்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது, தெரிந்தவர் கையால் சில வாரம் தேய்த்து இளக்கிப் பாருங்கள், அடங்காவிட்டால் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போகச் செய்துவிடலாம் என்றார். இங்கே மசாஜ் செய்கிற ஒரு பெண்ணிடம் போனேன். எங்கே வலிக்கிறதோ அங்கேயே தேய்த்தாள். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

நீ எப்படிச் செய்தாய், எங்கே அழுத்தினாய் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் நாத்தனார்,
கத்திரி


மார்ச் 15

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

வலிக்கிற இடத்தைத் தொடவே கூடாது. முன்னால் வலித்தாலும் அது பின்னாலிருந்து வருகிறது. கடைசி விலா எலும்புக்குக் கீழே, தழும்பு தொடங்கும் முதுகுப் பக்கத்து முனையில், பயறு அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்படும். நரம்பு அங்கிருந்து கிளம்பி இடுப்பைச் சுற்றி அடிவயிற்றுக்கு வருகிறது. வெந்நீரில் பிழிந்த துண்டை முதலில் வைக்க வேண்டும். பிறகு இரண்டு விரலால் முடிச்சின்மேல் அழுத்தி அப்படியே வைத்திருக்க வேண்டும். மூச்சு சீராக விட முடிகிற அளவுக்குத்தான் அழுத்தம். அது இளகியதும் தோலைத் தழும்பின் குறுக்கே உருட்ட வேண்டும். எண்ணெய் துளிதான். வழுக்கினால் முடிச்சு பிடிபடாது.

உங்கள் கை அங்கே எட்டாது. கடையில் யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

நான் இங்கே ஒரு வலி சிகிச்சை மையத்தில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து நின்றபடிதான். நீளமாக எழுத நேரமில்லை.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். ஒன்றே ஒன்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரி நடையில், அவரை வெள்ளைத் துணியால் மூடி வெளியே கொண்டு வந்தபோது, அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, "மாத்திரையை நேரத்துக்குக் குடுத்தியா?" என்று கேட்டீர்கள். நேரத்துக்குக் கொடுத்தேன். ஒரு வேளை தவறவில்லை. அவர் உடம்பு சிறுநீரகத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பஞ்சு


மார்ச் 24

பஞ்சுவுக்கு,

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினதையெல்லாம் கிழித்தேன். முகத்துக்கு நேரே கேட்டதற்கு முகத்துக்கு நேரேதான் பதில் சொல்ல வேண்டும். அதுவரை என் நாக்கை நானே கடித்துக்கொள்கிறேன்.

கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிற அம்மாவைச் செய்யச் சொன்னேன். பாவம், "இங்கயா, இங்கயா" என்று முதுகு முழுக்க ஊர்வலம் போனாள். முடிச்சு கிடைத்ததும் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். பிறகு நானே ஒரு ரப்பர் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்து உருட்டினேன். பந்து நழுவிப் பாதி தைத்த ஜாக்கெட்டுகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. குனிந்து எடுக்க முடியவில்லை. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

வலி பின்னாலிருந்து வருகிறது என்று நீயும் சொல்கிறாய், டாக்டரும் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அது உட்கார்ந்திருப்பது முன்னால். இடப்பக்கம், இடுப்பு எலும்புக்கு உள்ளே, அடிவயிற்றில், ஒரு உள்ளங்கை அகலம். உட்கார்ந்திருப்பது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கையை வைத்துத் தடவினால் ஒன்றும் இல்லை. கையை எடுத்தால் இருக்கிறது. என்னிடமிருந்து எடுத்தது முதுகுப் பக்கத்தில், அங்கே வெறும் மரத்துப்போன தோல்தான். எதுவும் எடுக்காத இடத்தில் என்ன இருக்கிறது? இதை நான் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை, பைத்தியம் என்பார்.

கத்திரி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலை முடிந்து வந்து படித்தேன். மறுபடி படித்தேன். இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்துவிட்டு எழுதுகிறேன்.

பழைய சிறுநீரகம் இருந்த இடத்தில்தான் புதியதையும் வைப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்னால் வைப்பார்கள். இடுப்பு எலும்புக்கு உள்ளே, அடிவயிற்றில். தோலுக்கு அடியில் மேடாகத் தெரியும். ஒரு உள்ளங்கை அகலம்.

அண்ணி, நீங்கள் சொல்கிற இடம் அவருக்கு உங்களை வைத்த இடம். இடப்பக்கம்.

அவர் உடம்பில் என் கை போகக் கூடாத ஒரே இடம் அது. கால், முதுகு, தோள் எல்லாம் தேய்த்துவிடுவேன். அந்த இடத்தை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் உட்காருவார், நடப்பார், தும்முவார். மாடி ஏறும்போது, "அக்காவையும் சேத்துத் தூக்கிட்டு வரேன், மெதுவாத்தான் வருவேன்" என்பார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? ஒவ்வொரு டம்ளரையும் தூக்கி, "இந்தா அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். நாள் முழுக்க எங்கள் வீட்டில் அந்தச் சொல்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்த ஊரில் எனக்கு ஒரே அறை. அவர் இதற்குள் வந்ததே இல்லை. ஆனாலும் டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டால் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். இப்போதெல்லாம் பாட்டிலிலேயே குடித்துவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். தண்ணீர் குடிக்கும்போது உங்களுக்கு அங்கே வலிக்கிறதா?

பஞ்சு


ஏப்ரல் 9

பஞ்சு,

உன் கடைசி வரியைப் படித்ததும் கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

வலிக்கிறது. குடத்தடியில் நின்று டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும்போதுதான் ரொம்ப வலிக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு எழுதிய கடிதங்களிலும் இல்லை. உனக்கு எப்படித் தெரிந்தது?

இடத்தைப் பற்றி நீ எழுதியதும் சரிதான். ஆபரேஷனுக்கு அப்புறம் அவன் பேண்ட் எல்லாவற்றையும் நான்தானே இடுப்பில் விட்டுக் கொடுத்தேன்? பட்டி அந்த மேட்டை அழுத்தக் கூடாது என்று. கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது. எனக்கு எதிரே நிற்கிறான், என் இடது கை அந்த மேட்டுக்கு மேலே டேப்பைப் பிடித்திருக்கிறது, "உன் மேலேயே அளவு எடுக்கிற ஒரே தையல்காரி நீதான்" என்று கேலி பண்ணுகிறான். இடது கை. இடப்பக்கம்தான். எனக்கு இத்தனை நாள் உறைக்கவே இல்லை பாரேன்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. அதெல்லாம் பொழுது போகாதவர்கள் பேச்சு. ஆனால் உன் கடிதம் வந்த பிறகு குடத்துப் பக்கம் போவதையே தள்ளிப் போடுகிறேன். தாகம் தாங்காமல் போய் டம்ளரைத் தூக்குகிறேன். சுருக்கென்கிறது. வந்துட்டியாடா என்று வாய் தானாகச் சொல்கிறது. அப்புறம் யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்க்கிறேன்.

என்னால் இப்படி இருக்க முடியாது பஞ்சு. உட்கார்ந்து மிஷின் மிதிக்க முடியவில்லை, பள்ளிக்கூடச் சீருடை குவிந்து கிடக்கிறது. இந்த மாதக் கடைசியில் ஊசிக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். போட்டால் அந்த இடம் மரத்துவிடுமாம். நல்லதோ கெட்டதோ ஒன்றும் தெரியாதாம். போட்டுக்கொள்ளப் போகிறேன்.

கத்திரி


ஏப்ரல் 14

அண்ணி,

ஊசி வேண்டாம்.

நான் கேட்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க மற்றவர்கள் வலியை எடுத்துவிடுவதுதான் என் வேலை. உங்கள் வலியை இருக்கட்டும் என்று சொல்கிறேன். என் கையே என்னைத் திட்டுகிறது.

அவருடைய சட்டைகளில் வாசனை போய்விட்டது. போனில் இருந்த குரல், போன் கெட்டபோது போய்விட்டது. முகம்கூடச் சில நேரம் போட்டோவில் இருக்கிற மாதிரிதான் நினைவுக்கு வருகிறது, அசைய மாட்டேன் என்கிறது. அவரைச் சேர்ந்த ஒன்று இன்னும் உயிரோடு, நடக்கிற, தண்ணீர் குடிக்கிற ஒரு உடம்பில் இருக்கிறது என்று உங்கள் கடிதம் சொன்னது. அன்றைக்கு நான் சாப்பிட்டேன் அண்ணி. பசித்துச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாள் போகட்டும். அதுவரைக்கும் எப்போது வலித்தது, எப்படி வலித்தது என்று எனக்கு எழுதுங்கள். சின்ன வலி என்றாலும் எழுதுங்கள்.

அவருடைய பழுப்பு பேண்ட் ஒன்றைப் பார்சலில் அனுப்புகிறேன். நீங்கள் தைத்துக் கொடுத்ததுதான். வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு தளர்வாக இருக்கும், அந்த இடத்தில் உறுத்தாது.

பஞ்சு


ஏப்ரல் 25

பஞ்சுவுக்கு,

நீ கேட்டாய் என்று ஊசியைத் தள்ளி வைத்தேன். டாக்டர் ஏன் என்று கேட்டார். வீட்டில் ஆள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுதச் சொன்னாயே, அப்போது எழுதாததை இப்போது எழுதுகிறேன். போன வாரம் முழுக்க நான் வேண்டுமென்றே தண்ணீர் குடித்தேன். வலி வந்தால் அப்படியே நின்றுகொண்டு அவனோடு பேசினேன். காஜா எடுக்கிற அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நான் இருக்கும்போது உள்ளே வருவதை நிறுத்திவிட்டாள். நான் கவலைப்படவில்லை. வலித்தால் வலிக்கட்டும், என் தம்பிதானே என்று இருந்தேன்.

நேற்று பார்சல் வந்தது. பேண்டைப் போட்டுக்கொண்டு கடையில் டிரயல் அறைக்குள் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். வலிக்கிற இடத்தில் பட்டி இறுக்கிப் பிடித்து உயிர் போயிற்று. தளர்வாக இருக்கும் என்றாயே என்று கையை விட்டுப் பார்த்தேன். பட்டியை வெட்டி நடுவில் எலாஸ்டிக் வைத்து, மேலே தெரியாமல் ஊசித் தையல் போட்டிருக்கிறது. என் தையல்தான். சத்தியம் பண்ணுவேன். ஆனால் அது வலப்பக்கம்.

கழற்றிப் புரட்டிப் பார்த்தேன். திரும்பப் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம்தான்.

தையல் பழக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான். எதிரே நிற்கிற ஆளின் வலது உன் இடது கைக்கு வரும், கோட்டை விட்டால் பாக்கெட் மாறிப்போகும் என்று. என் இடது கை டேப்பைப் பிடித்திருந்தது அவன் வலது இடுப்பில். ஊருக்கெல்லாம் சரியாகத் தைத்துவிட்டு, கண்ணை மூடி நினைத்துப் பார்க்கும்போது கோட்டை விட்டேன். நீயும் அவனை எதிரே நின்று பார்த்துப் பார்த்து என்னை மாதிரியே தப்பாக நினைத்துவிட்டாய்.

உனக்கு இதைச் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நீ பசித்துச் சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தாய். ஆனால் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நேற்று முழுக்க நான் அழுதேன். அவன் செத்த அன்று நான் அழவில்லை. உன்னிடம் போய் மாத்திரையைக் கேட்டேன். யாரையாவது குற்றம் சொல்லிவிட்டால் அவன் செத்தது பாதிதான் என்று தோன்றியது. பஞ்சு, எனக்கு இப்போது வலி மட்டும்தான் இருக்கிறது. அவன் அதில் இல்லை.

கத்திரி


ஏப்ரல் 30

அண்ணி,

நான் தப்பாக நினைக்கவில்லை.

ஆட்களைக் குப்புறப் போட்டும் மல்லாக்கப் போட்டும் நாள் முழுக்கத் தொடுகிறவள் நான். எனக்கு வலம் இடம் மாறாது. அந்த மேட்டில் என் கை தெரியாமல் பட்டுவிடக் கூடாது என்று கட்டிலில் படுக்கிற பக்கத்தை முதல் நாளே மாற்றிக்கொண்டேன். அவருக்கு வைத்தது வலப்பக்கம். நீங்கள் இடப்பக்கம் என்று எழுதினீர்கள். நானும் இடப்பக்கம் என்று எழுதினேன். எழுதின கை என்னுடையதுதான்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். உங்கள் வீட்டில் நீங்கள் குடிப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்? இடது கையால் டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து, முதுகை வளைத்து. அப்போது தழும்பு முழுவதும் இழுபடும், நரம்பு சுண்டும், முன்னால் வலிக்கும். கேட்பதற்கு முன்னாலேயே எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன். நீங்கள் ஆமாம் என்று எழுத வேண்டும், அதை நான் படிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீங்கள் பயப்படுவீர்கள் என்று அப்போது தோன்றவில்லை.

அப்புறம் நீங்கள் ஊசி என்றதும் என்னால் பொய்யை நிறுத்தவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால்தான் பேண்டை அனுப்பினேன். உங்கள் தையல் உங்களுக்குத் தெரியாமல் போகுமா?

மாத்திரையைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

மையத்தில் ஒரு வாரம் லீவு கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். வெந்நீரும் இரண்டு தலையணையும் வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள். திட்டுவதென்றால் திட்டுங்கள். அங்கே ஒன்றும் இல்லை அண்ணி. பின்னால் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை எடுத்துவிடலாம்.

பஞ்சு


மே 12

பஞ்சுவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று செய்தி வந்தது. போனை எடுக்கிற பழக்கம் உனக்கு வந்துவிட்டது தெரிந்தும் கடிதம்தான் எழுதுகிறேன். வாய் வார்த்தையாக இதைச் சொன்னால் இடையில் ஏதாவது கேலி பண்ணிக் கெடுத்துவிடுவேன்.

நீ இருந்த நாட்களில் நாம் அவனைப் பற்றிப் பேசவே இல்லை, கவனித்தாயா? நீ முதுகில் விரலை வைத்ததும் நான் வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தேன். பிறகு இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து அறையிலிருந்து யாரும் கத்தவில்லை. நீ கையை எடுக்கவில்லை. முடிச்சு இளகியது அன்றைக்குத்தான்.

வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முதுகுப் பக்கம் தழும்பின் முனையில் லேசாக இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில். முன்னால் ஒன்றும் இல்லை. நைட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒழுங்காக உடுத்துகிறேன். மிஷினில் உட்காருகிறேன். சீருடைகள் பாதி முடிந்துவிட்டன. துணிக் குவியல் குறைந்ததும் அந்த ரப்பர் பந்தும் கிடைத்தது. டாக்டரிடம் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆள் ஊருக்குப் போயாச்சா என்று கேட்டார். போயாச்சு என்றேன்.

கிளம்புகிற அன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்து என் கையில் கொடுத்தாய். கல்யாணமான நாளிலிருந்து என்னை அண்ணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். அன்று, "இந்தா அக்கா" என்றாய். அவன் சொல்வது மாதிரியேதான். சொன்னதும் உன் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டே டம்ளரை வாங்கிக்கொண்டேன். நீ சொல்லிக் கொடுத்தபடி உட்கார்ந்து, வாய் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். வலிக்கவில்லை. நீயும் பார்த்தாய்.

நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்ததும் நேரே குடத்தடிக்குப் போனேன். நின்றுகொண்டு, இடது கையால் டம்ளரை உயரத் தூக்கி, முதுகை வளைத்து, பழையபடி அண்ணாந்து குடித்தேன். ஒன்றும் வலிக்கவில்லை.

அப்புறம் இன்னொரு டம்ளர் குடித்துப் பார்த்தேன்.

உன் அக்கா